‘சிஸ்டம் ஸ்லோ’ என்றால் எந்தப் பக்கத்தில் ஸ்லோ?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையிலிருந்து கவுண்டரில் நின்றும் வேலை முடியாமல் வீடு திரும்பியவர்களின் கடிதங்கள் உங்கள் வாசகர் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. வாகரையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்தவர், திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போனவர், யாராக இருந்தாலும் உள்ளே இருந்து கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சிஸ்டம் ஸ்லோ, கொஞ்சம் இருங்க." அதற்கு மேல் கேட்டால் "கொழும்பு லைன் ஸ்லோ" என்பார்கள். நான் பல வருடமாக இந்த டேட்டாபேஸ் (தரவுத்தள) வேலையையே செய்துவருகிறவன், மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் பெரும்பாலும் வேலை பார்க்கிறேன். அதனால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தாமதத்துக்குக் குறிப்பான காரணம் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கவும் முடியும், பெரும்பாலும் அதற்காகப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. ஆனால் தேடுவதற்குக் கிளையின் பக்கம், கொழும்பின் பக்கம் என்று இரண்டு பக்கத்தையும் பார்க்க விட வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

கவுண்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். உத்தியோகத்தர் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டியதும் திரையில் வருகிற விபரம் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அன்றைய கொடுக்கல் வாங்கல் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு சேர்வரில் இருக்கலாம், அங்கத்தவர் பதிவு கொழும்புத் தலைமையகத்தில் இருக்கலாம், பழைய கடன் விபரம் வேறொரு நிறுவனம் பராமரிக்கும் டேட்டாபேஸில் இருக்கலாம். இவற்றை ஒன்றோடொன்று இணைத்து வைப்பார்கள். டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மென்பொருள் இதன் பெயர் வேறு: ஒரக்கிளில் இதை டேட்டாபேஸ் லிங்க் என்பார்கள், மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வரில் லிங்க்ட் சேர்வர், போஸ்ட்கிரெஸில் ஃபொரின் டேபிள். எல்லாமே தருகிற வசதி ஒன்றுதான்: முன்னூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் அட்டவணையைப் பக்கத்தில் இருக்கிற மாதிரியே குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளையில், எழுதிவிடலாம். புரோகிராம் எழுதுகிறவருக்கு எது உள்ளூர், எது தூரம் என்று பார்த்தவுடன் தெரியாது. அவர் தன் மேசையில் சோதித்துப் பார்க்கும்போது அட்டவணையில் நூறு வரிதான் இருந்திருக்கும், எல்லாம் உடனே வந்திருக்கும். கிளை திறந்து, அங்கத்தவர் சேர்ந்து, பதிவுகள் இலட்சக்கணக்கில் போன பிறகுதான் தூரம் தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும்.

லைனைப் பற்றி. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்ப, கேபிள் எவ்வளவு சுற்றிப் போனாலும், ஒளிக்குச் சில மில்லிசெக்கன் போதும். இடையில் இருக்கும் ரவுட்டர், ஃபயர்வோல், விபிஎன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போய்வரவுக்கு 20 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை என்றால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போஸ்ட்கிரெஸின் இணைப்பு, நாம் மாற்றாமல் விட்டால், தடவைக்கு 100 வரியாகத்தான் தூரத்து அட்டவணையிலிருந்து எடுத்து வரும். ஓர் இலட்சம் வரி வேண்டுமென்றால் 1000 போய்வரவு, அதாவது 20 செக்கன், அதுவும் வெறும் பயணத்துக்கு மட்டும். ஃபெட்ச் சைஸ் என்கிற அமைப்பை 5000 ஆக்கினால் 20 போய்வரவில் முடிந்துவிடும், பயண நேரம் அரைச் செக்கனுக்குள் வந்துவிடும். இன்னும் மோசமான எழுத்து ஒன்று உண்டு, 5000 அங்கத்தவருக்கும் லூப் போட்டு ஒவ்வொருவராகத் தூரத்து டேட்டாபேஸில் போய்க் கேட்பது. அங்கே 100 செக்கன் போகும். இப்போது மாதக் கட்டணத்தைக் கூட்டி லைனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் கூடுதலான தரவு வரலாம், சரி, ஆனால் ஒரு போய்வரவுக்கான 20 மில்லிசெக்கன் அப்படியேதான் இருக்கும். காசு கட்டிய பிறகும் கவுண்டரில் அதே கியூ.

அம்பாறை மாவட்டத்தில் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பெரும்போக விதைப்புக்கு முன்பு விவசாயிகள் கடனுக்கு வருகிற காலம், ஒவ்வொருவருக்கும் திரை வர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. புதிய சேர்வருக்கு விலைகூட எடுத்துவிட்டார்கள். நம் அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்டதாக இருந்தது, 2016இலிருந்து 12 இலக்கம் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்ற ஆண்டுக்கு முன்னால் 19 போட்டு, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்கு அடுத்து ஒரு பூச்சியத்தைச் செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய யாரோ நல்லபடியாக ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதி, கொழும்பில் இருக்கும் அங்கத்தவர் அட்டவணையின் இலக்கக் களத்தின்மேல் அதைப் போட்டுத் தேடியிருந்தார்கள். பழையதைக் கொண்டுவந்தாலும் புதியதைக் கொண்டுவந்தாலும் ஆள் அகப்பட வேண்டும் என்கிற அக்கறைதான் அது.

அந்த ஃபங்ஷன் இந்தப் பக்கத்து டேட்டாபேஸில்தான் இருந்தது. நாமே எழுதிய ஃபங்ஷன் அந்தப் பக்கத்திலும் இருக்கும், அதே பதிலைத்தான் தரும் என்று போஸ்ட்கிரெஸ் நம்பாது, நம்பவும் கூடாது. ஆகவே "இந்த இலக்கம் உள்ளவரை மட்டும் தா" என்று கேட்க முடியாமல் "அங்கத்தவர் எல்லோரையும் தா" என்று கேட்டு, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளை நூறு நூறாக இழுத்து வந்து, இங்கே ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எறிந்தது. ஒவ்வொரு விவசாயிக்கும் இது முழுதாக நடந்தது. கொழும்பில் அந்தக் களத்துக்குத் தேடலை விரைவாக்கும் அருமையான இன்டெக்ஸ் ஒன்று இருந்தது, அதை யாரும் தொடவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க, குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையை அனலைஸ், வெர்போஸ் என்ற இரண்டு சொல்லோடு ஓட்டினால் போதும். பதிலில் "ரிமோட் எஸ்கியூஎல்" என்று ஒரு வரி வரும், அந்தப் பக்கத்துக்கு உண்மையில் போன குவெரி அதுதான். நாம் எழுதியது முக்கியமில்லை, லிங்கைத் தாண்டிப் போனது என்ன என்பதுதான் முக்கியம். அங்கே எந்த வரி வேண்டும் என்று நிபந்தனை சொல்லும் வெயார் என்ற பகுதியே இல்லாமல் இருந்தது. அதற்கு மேலே "ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்" என்று எறியப்பட்ட வரிகளின் எண்ணிக்கை. இரண்டையும் பார்த்தால் கதை முடிந்தது. தேடுவதற்கு முன்பே இலக்கத்தை இரண்டு வடிவத்திலும் மாற்றி வைத்து, இரண்டில் ஏதாவது ஒன்றுக்குப் பொருந்துகிறவரைக் கேட்கும்படி குவெரியைத் திருத்தினோம். திரை உடனே வந்தது. சேர்வர் வாங்கவில்லை. இப்படி ஒரு சின்னத் திருத்தத்துக்காக எத்தனை பேர் வெயிலில் நின்றிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கேட்பதில்லை.

ஒரக்கிளிலும் இதே பார்வைதான், குவெரியை ஓட்டும் படிகளைக் காட்டும் பிளானில் "ரிமோட்" என்று ஒரு படி வரும், அனுப்பப்பட்ட குவெரி கீழே தனியாக இருக்கும். உள்ளூரில் 200 வரி உள்ள சின்ன அட்டவணையையும் தூரத்தில் பல இலட்சம் வரி உள்ள பெரிய அட்டவணையையும் சேர்க்கும்போது பெரியதை இங்கே இழுத்து வருவதாகத் தெரிந்தால், டிரைவிங் சைட் என்ற குறிப்பைக் கொடுத்துச் சேர்க்கும் வேலையை அந்தப் பக்கத்திலேயே செய்யச் சொல்லலாம். எஸ்கியூஎல் சேர்வரில் ஓப்பன்குவெரி என்று எழுதினால் குவெரி எழுதியபடியே அந்தப் பக்கம் போய் அங்கேயே ஓடும். போஸ்ட்கிரெஸில் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பதிப்பை உயர்த்தினாலே பாதி வேலை முடியலாம், தூரத்து அட்டவணைகள் இரண்டை அங்கேயே சேர்க்கும் வசதி 9.6இல்தான் வந்தது, கூட்டுத்தொகையை அங்கேயே போடும் வசதி 10இல். இதற்கு மேல் கட்டளைகளை இங்கே அடுக்கவில்லை, இந்த வேலை செய்கிறவர்களுக்கு இது போதும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். ஒரு குவெரி மெதுவாகப் போகிறது என்று மட்டக்களப்புக் கிளை கொழும்புக்கு எழுதும். கொழும்பில் இருப்பவர் தன்னுடைய சேர்வரின் மெதுவான குவெரிகளின் பதிவை, அதாவது லொக்கை, திறந்து பார்த்து "எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை" என்று பதில் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் அந்தப் பக்கத்துக்குப் போனது ஒரு நீண்ட குவெரியாகத் தெரியாது, "அடுத்த 100 வரி தா" என்கிற ஆயிரக்கணக்கான சின்னக் கோரிக்கைகளாகத்தான் தெரியும். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிசெக்கனில் முடியும். ஒரு செக்கனுக்கு மேல் எடுத்தவற்றை மட்டும் எழுதச் சொல்லி வைத்திருந்தால் அந்தப் பதிவில் ஒரு வரிகூட விழாது. அந்தச் செஷனை, அதாவது அங்கே திறந்திருக்கும் இணைப்பை, பார்த்தாலும் முக்கால்வாசி நேரம் "ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்" என்று சும்மா இருப்பதாகக் காட்டும். ஒரக்கிளிலும் அப்படியே, இங்கே இருக்கும் செஷன் டேட்டாபேஸ் லிங்கிலிருந்து செய்தி வரும் என்று காத்திருக்கும், அங்கே இருக்கும் செஷன் தன்னை அழைத்த கிளையன்டிடமிருந்து செய்தி வரும் என்று காத்திருக்கும். இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள், இரண்டு பக்கத்து மேற்பார்வையாளரும் தங்கள் சேர்வர் நன்றாக இருக்கிறது என்று உண்மையாகவே சொல்கிறார்கள், இடையில் விவசாயி நிற்கிறார். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும், ஒரு பக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் லேசான வேலை இல்லை. இந்தப் பக்கத்தில் ட்ரேஸ், அதாவது நடப்பதைப் படிப்படியாக எழுதும் பதிவு, போட்டால் அது லிங்கைத் தாண்டித் தானாகப் போகாது, அந்தப் பக்கத்துச் செஷனுக்குத் தனியாகப் போட வேண்டும். எந்தச் செஷன் நம்முடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போஸ்ட்கிரெஸில் எல்லா இணைப்பும் "போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ" என்ற ஒரே பெயரில்தான் அங்கே நிற்கும், கல்முனையும் ஏறாவூரும் வாழைச்சேனையும் ஒன்றாகத் தெரியும். 15ஆம் பதிப்பிலிருந்து அந்தப் பெயரை மாற்றிக் கிளையின் பெயரையும் இந்தப் பக்கத்துப் புரோசஸ் எண்ணையும் சேர்க்கலாம், அதைச் செய்து வைத்தால் ஜோடி சேர்ப்பது சுலபம். சிலர் குவெரிக்குள்ளேயே ஓர் அடையாள எண்ணைக் குறிப்பாக எழுதி அனுப்பப் பார்ப்பார்கள், ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போகிற குவெரியை டேட்டாபேஸே புதிதாக எழுதுவதால் அந்தக் குறிப்பு வழியிலேயே விழுந்துவிடும்.

அப்புறம் மணிக்கூடு. இரண்டு சேர்வரின் நேரமும் ஒன்றாக இல்லாவிட்டால் பதிவுகளை ஒப்பிடவே முடியாது. ஒன்று இலங்கை நேரத்திலும் மற்றது உலகப் பொது நேரத்திலும் எழுதினால் இங்கே காலை 10.15க்கு நடந்தது அங்கே 4.45 என்று இருக்கும், இதையாவது கழித்துப் பார்க்கலாம். நேரத்தைச் சரிப்படுத்தும் என்டிபி ஓடாமல் நாலு நிமிடம் முந்தியும் பிந்தியும் ஓடுகிற சேர்வர்கள்தான் பெரிய தலையிடி.

பாதுகாப்புக்காகச் செய்யும் ஒன்றும் இதில் வந்து மாட்டும். லிங்க் வழியாகப் போகிற பயனர் கணக்குக்கு அட்டவணையை வாசிக்க மட்டும் அனுமதி கொடுப்பார்கள், அது சரியான வழக்கம். ஆனால் எஸ்கியூஎல் சேர்வர் 2012இன் முதல் சேர்விஸ் பேக்குக்கு முந்திய பதிப்புகளில் அப்படிப்பட்ட கணக்குக்கு அட்டவணையின் புள்ளிவிபரம் தெரியாது, அதனால் எத்தனை வரி வரும் என்று ஊகித்துத்தான் திட்டம் போடும், ஊகம் பிழைத்தால் குவெரி தவழும். பழைய சேர்வரை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இதைப் பார்க்க வேண்டும். பெயரைத் தமிழில் தேடுகிற இடங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எழுத்துகளை ஒப்பிடும் கொலேஷன் விதி இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் ஒப்பிடும் வேலையை டேட்டாபேஸ் இந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும், அதற்காக முழு அட்டவணையும் இங்கே வர நேரும். இலக்கத்தால் தேடினால் உடனே வருகிறது, பெயரால் தேடினால் வருவதில்லை என்று உத்தியோகத்தர்கள் சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் குவெரிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மார்கழி மழையில் வெள்ளம் வந்து கேபிள் அறுந்தால் அறுந்ததுதான், அதற்கு எந்த எக்ஸ்பிளெய்னும் உதவாது. தூரத்து அட்டவணையில் யாரோ ஒருவர் ஒரு வரியைப் பூட்டிவிட்டு முடிக்காமல் தேநீர் குடிக்கப் போயிருக்கலாம், அப்போது நம் குவெரி எந்தப் பிழையும் இல்லாமல் காத்திருக்கும். ஆனால் இவை ஒவ்வொன்றும் பதிவில் வேறு வேறு மாதிரித் தெரியும். பூட்டுக்காகக் காத்திருக்கும் குவெரி ஒரு நாள் மெதுவாக இருக்கும், மறுநாள் உடனே ஓடும். முழு அட்டவணையையும் இழுக்கிற குவெரி தினமும் மெதுவாக இருந்து, அங்கத்தவர் கூடக் கூட மாதத்துக்கு மாதம் இன்னும் மெதுவாகும். இதை மட்டும் கவனித்தாலே எங்கே தேடுவது என்று பாதி தெரிந்துவிடும்.

ஆகவே கிளைகளையும் திணைக்களங்களையும் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நிறுவனங்கள் டேட்டாபேஸை இணைக்க ஒப்பந்தம் எழுதும்போது தரவை யார் வாசிக்கலாம் என்பதோடு, மெதுவாகும்போது அந்தப் பக்கத்துப் பதிவை யார் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள். அங்கத்தவர் அட்டவணையை வாசிக்க முடியாமல், ஓடும் செஷனையும் குவெரி நேரத்தையும் மட்டும் பார்க்கிற கணக்கு ஒன்றைத் திறந்து கொடுக்கலாம், போஸ்ட்கிரெஸில் அதற்கென்றே பிஜி மொனிட்டர் என்ற அனுமதித் தொகுப்பு 10ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. குவெரியின் உள்ளே அடையாள அட்டை இலக்கம் எழுத்தாகத் தெரியக்கூடும் என்பதால் அந்தக் கணக்கை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுக்க வேண்டும், அதுவும் உண்மை. கடிதம் எழுதி, பதில் வந்து, மறுபடி எழுதி என்று இழுபடுகிற விடயம் பல நேரம் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால்.

கவுண்டரில் இருக்கும் தங்கைமார், தம்பிமாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள்மேல்தான் முதலில் கோபம் விழுகிறது, அது நியாயமில்லை. ஆனால் "ஸ்லோ" என்று மட்டும் முறையிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் திரை, எத்தனை மணி எத்தனை நிமிடம், எதைத் தட்டினீர்கள், எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நேரம் சரியாக இருந்தால் பதிவில் அந்த இடத்துக்கு நேரே போய் நிற்கலாம்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிப்பிக்கிற விரிவுரையாளர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். மாணவர்கள் ஒரே மடிக்கணினிக்குள் டேட்டாபேஸை வைத்துப் பழகினால் போய்வரவு என்கிற ஒன்று அவர்கள் கண்ணில் படவே படாது. இரண்டு கணினியில் வைத்து, லினக்ஸில் இருக்கும் நெட்எம் என்ற வசதியால் இடையில் 20 மில்லிசெக்கன் தாமதத்தைப் போட்டுவிட்டு, அதே பயிற்சியை மறுபடி செய்யச் சொல்லுங்கள். காசு செலவில்லை. நேற்று உடனே ஓடியது இன்று நிமிடக்கணக்கில் நிற்பதைப் பார்த்த பிள்ளை தூரத்து அட்டவணைக்கு லூப் எழுத யோசிக்கும். நாளைக்கு நம் கவுண்டர்களுக்குப் புரோகிராம் எழுதப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக உங்களிடம், ஆசிரியர் அவர்களே. இப்படியான முறைப்பாடுகளைப் பிரசுரிக்கும்போது சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் பதில் கேட்பீர்கள் அல்லவா, அப்போது "லைன் பிரச்சினை, புதிய சேர்வர் வருகிறது" என்று எழுதினால் அதோடு விட்டுவிடாமல், எந்தக் குவெரி, எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்தீர்களா, அந்தப் பக்கத்துப் பதிவையும் பார்த்தீர்களா என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பராமரிப்பாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.